தரைக்கு அடியில் ஓடாத வெந்நீர்

கூ லெய் வரப்போவதை ரோங்யிங் தன் கணவரிடம் முன்னதாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பான் தேயுவான் ஒரு நல்ல சட்டையாவது போட்டிருப்பார். வூஹானின் ஜூலை வெயில் மொட்டைமாடியில் கொதித்துக்கொண்டிருக்க, புதிதாக வாங்கிய, சாமான் எதுவும் இல்லாத வீட்டில் பனியனும் அரைக்கால் சட்டையுமாக மண்டியிட்டுத் தரையை அளந்துகொண்டிருந்தவர், வாசலில் நிழல் விழுந்ததும் டைல்ஸ் பதிக்கிற ஆள் வந்துவிட்டான் என்றே நினைத்தார்.

“ஆறு மாடி! வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுனாலே முட்டி போயிடும். நீ தினம் ஏறப்போறியா?” என்று மூச்சிரைக்கக் கேட்டபடி ஒருவன் உள்ளே வந்தான். நல்ல உயரம். தோளில் ஒரு கருவிப்பை.

“உனக்கு வயசாயிடுச்சு லெய்ஸி, ஒத்துக்க,” என்று பின்னாலிருந்து ரோங்யிங் சிரித்தாள்.

லெய்ஸி. அந்தச் செல்லப்பெயரைக் கேட்டதுமே தேயுவானுக்கு இவன்தான் கூ லெய் என்று விளங்கிவிட்டது. பதினேழு வருஷத்துக்கு முன்னால், அவர்களுடைய கல்யாண விருந்தில், ரோங்யிங்கின் பள்ளித்தோழி ஒருத்தி நாலு கோப்பை உள்ளே போனதும் மேசையைத் தட்டிச் சொன்னாள்: “நம்ம லெய்ஸி மட்டும் வேலைக்குன்னு ஷென்ஜென் போகாம இருந்திருந்தா, இந்த மாப்பிள்ளைக்கு இந்த நாற்காலி கிடைச்சிருக்குமா?” எல்லோரும் சிரித்தார்கள். தேயுவானும் சிரித்தார். ரோங்யிங் மட்டும் மேசைக்கடியில் தோழியின் காலை மிதித்தாள். அந்தப் பேச்சை எல்லோரும் அன்றே மறந்துபோனார்கள். அந்த மிதியை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. ஒன்றும் இல்லாத விஷயத்துக்கு எதற்கு மிதிக்க வேண்டும்?

“ஆத்துக்கு அந்தப் பக்கம் ஹான்கோவுல கடை வெச்சிருக்கான். வீட்டுக்கு ஏசி, ஹீட்டிங் எல்லாம் இவன்தான் இப்ப நிறைய பேருக்குப் போடறான். காசு கொடுத்து யோசனை கேக்கறதுக்கு முன்னால, ஓசியில கேட்டுக்கலாமேன்னு கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் ரோங்யிங்.

யோசனை கேட்கத்தான் வேண்டியிருந்தது. அந்த ஊரில் கோடையில் சுவரைத் தொட்டால் சுடும். குளிர்காலத்தில் தெருவைவிட வீட்டுக்குள் அதிகமாகக் குளிரும். வடக்கே இருப்பவர்களுக்கு நகராட்சியே குழாயில் சூடு அனுப்புகிறது. யாங்சி நதிக்கரைக்காரர்களுக்கு அவரவர் பாடு. இத்தனை வருஷம் வாடகை வீட்டில் ஒரே ஏசியைக் கோடையில் குளிருக்கும் குளிர்காலத்தில் சூட்டுக்கும் ஓட்டிச் சமாளித்தார்கள். குளிர்காலத்தில் அது ஊதும் சூடு விட்டத்தில் போய் நின்றுகொள்ளும். காலுக்குக் கீழே ஐஸ்தான். மகள் தாங்தாங்குக்கு டிசம்பர் வந்தால் கைவிரல்கள் சிவந்து, வீங்கி, அரிப்பெடுத்து, ஜனவரியில் வெடிக்கும். அடுத்த ஜூனில் அவளுக்கு மேல்நிலைப்பள்ளிக்கான பெரிய பரீட்சை. சொந்த வீடு வாங்கியதும் முதல் வேலை இதுதான் என்று கணவனும் மனைவியும் சேர்ந்துதான் முடிவெடுத்திருந்தார்கள்.

கூ லெய் ஒவ்வொரு அறையாக நடந்தான். ஜன்னல் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தான். தலைக்கு மேலே எவ்வளவு உயரம் என்று கண்ணாலேயே அளந்தான்.

“காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க, சார்?”

“எதுக்கு?” என்றார் தேயுவான்.

“வீட்டுல ஆள் இருக்கற நேரத்தை வெச்சுத்தான் எந்த மெஷின்னு சொல்லணும்.”

தேயுவான் நடுநிலைப்பள்ளிக் கணக்கு வாத்தியார். ஏழு மணிக்கு முன்னால் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருவார். ரோங்யிங்குக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. பெண் பள்ளிக்கூடத்தில்.

“அப்ப தரைச்சூடு வேணாம்,” என்றான் கூ லெய். “டைல்ஸுக்குக் கீழ குழாய் போட்டு வெந்நீர் ஓட்டறது நல்லதுதான். ஆனா அது சூடேற அரை நாள் ஆகும். நாள் முழுக்க ஆள் இருக்கற வீட்டுக்கு அது சொர்க்கம். உங்களுக்கு, நீங்க படுக்கப் போறப்பதான் சூடு வரும். இந்த வீட்டுக்கு, உள்ள வெந்நீர் ஓடற மாதிரி சுவர்ல மாட்டற ரேடியேட்டர் போதும். ஒரு சின்ன கேஸ் பாய்லர், அறைக்கு ஒண்ணு. முக்கால் மணியில கோட்டைக் கழட்டிடலாம். கோடைக்குத் தனித்தனி ஏசி. அதுக்கெல்லாம் முன்னால இந்த ஜன்னலை மாத்துங்க. இந்தச் சந்துல போற சூட்டை எந்த மெஷினாலயும் ஈடுகட்ட முடியாது.”

சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தேயுவானே இரண்டு வாரமாகப் படித்துப் பார்த்துக் கிட்டத்தட்ட அங்கேதான் வந்திருந்தார். அத்தோடு அவன் போயிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். படுக்கையறை வாசலில் நின்று அவன் இன்னொன்றும் சொன்னான்.

“ஏசியைக் கட்டிலுக்கு நேரே மட்டும் மாட்டிடாதீங்க சார். இவளுக்கு முதுகுல குளிர்காத்து பட்டா ரெண்டு நாளைக்குக் கழுத்து திரும்பாது.”

தேயுவானின் கையிலிருந்த அளவு நாடா சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

“ஞாபகம் வெச்சிருக்கியே!” என்றாள் ரோங்யிங், வெகு சாதாரணமாக.

மறுநாள் தேயுவான் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டார். அறை நீளம், அகலம், சுவர் கனம், வெளியே எத்தனை டிகிரி, உள்ளே எத்தனை டிகிரி. எப்படிக் கூட்டினாலும் விடை ரேடியேட்டர் பக்கமே போயிற்று. அப்புறம் ‘ஆரோக்கியம்’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். அதில் தரைச்சூட்டுக்கு முழு மதிப்பெண் போட்டார். இருபது வருஷம் மற்றவர்கள் கணக்கைத் திருத்தியவருக்கு இது திருட்டுக் கணக்கு என்று தெரியாமல் இல்லை.

“பாதம் சூடா இருக்கணும், தலை குளிர்ச்சியா இருக்கணும். வைத்தியர்களே சொல்றாங்க. தாங்தாங்குக்குத் தரைச்சூடுதான் சரி,” என்றார் ரோங்யிங்கிடம்.

“நாம பகல்ல வீட்டுலயே இல்லியே. லெய்ஸி அதைத்தானே சொன்னான்?”

“அவன் கடையில எது அதிகமா இருக்கோ அதைச் சொல்லுவான்.”

“அவன் கடையில ரெண்டும்தான் இருக்கு. இன்னும் கேட்டா, தரைச்சூடு போட்டாதான் அவனுக்கு லாபம் ஜாஸ்தி.”

“ஓ, அவனோட லாபக்கணக்கெல்லாம் உனக்குத் தெரியுமா?”

ரோங்யிங் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். “பான் வாத்தியாரே, இப்ப நாம எதைப் பத்திப் பேசறோம்?”

“தரையைப் பத்தி.”

“சரி. உங்க இஷ்டம்,” என்று எழுந்து போய்விட்டாள்.

அவர் ஆற்றின் இந்தப் பக்கம், வூசாங்கிலேயே வேறொரு கடையைப் பிடித்தார். ஆகஸ்டில் ஆட்கள் வந்து தரை முழுக்க வெள்ளைக் குழாயை வளைத்து வளைத்துப் படுக்க வைத்து, சிமென்ட் போட்டு மூடினார்கள். பணம் அதிலேயே கரைந்ததால் ஜன்னலை மாற்றவில்லை. படுக்கையறை ஏசியை ஆட்கள் எங்கே மாட்டட்டும் என்று கேட்டபோது, கட்டிலுக்கு நேரே இல்லாமல் மாட்டச் சொல்ல வேண்டியிருந்தது. அவளுடைய கழுத்து ஆயிற்றே. ஆனால் அதைச் சொல்லும்போது அவருக்கு வாயெல்லாம் கசந்தது. பதினேழு வருஷம் கூடப் படுத்தவனுக்கு அந்த விஷயம் தெரியவில்லை என்பதுதான் கசப்பு.

நவம்பரில் முதல் குளிர்மழை. பாய்லரைப் போட்டார்கள். கூ லெய் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. ஆறு மணிக்குப் போட்டால் ஒன்பது மணிக்கு டைல்ஸ் வெதுவெதுப்பானது. நன்றாகச் சூடேறியபோது மூவரும் போர்வைக்குள் இருந்தார்கள். நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார்கள். அந்த மாத கேஸ் பில்லை ரோங்யிங் மடித்து அவருடைய சட்டைப்பையில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் தேயுவான் மதிய ஓட்டத்தைத் தொடங்கினார். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் மற்ற வாத்தியார்கள் சாப்பிடப் போவார்கள். இவர் மின்சார ஸ்கூட்டரில் கால் மணி நேரம் எதிர்காற்றில் போய், ஆறு மாடி ஏறி, பாய்லரைத் தட்டிவிட்டு, வழியில் ஒரு பன் தின்றபடி திரும்புவார். மாலையில் ரோங்யிங் கதவைத் திறக்கும்போது வீடு சூடாக இருக்கும்.

“இன்னிக்குப் பரவாயில்லையே!” என்பாள் அவள்.

“சிமென்ட் நல்லா காய்ஞ்சதும் அப்படித்தான். சீக்கிரம் சூடேறும்,” என்பார் அவர்.

பெரிய பொய் அது இல்லை. பெரிய பொய் தாங்தாங்கின் அறையில் இருந்தது. அந்த அறைத் தரை சூடாகவே இல்லை. முதல் வாரத்திலேயே அவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கடைக்காரன் ஆள் அனுப்பினான். வந்தவன் அந்த அறை மூலையில், குழாய்கள் பிரியும் பெட்டியைத் திறந்து, குடைந்து பார்த்துவிட்டு, “டைல்ஸ் போடறப்ப யாரோ குழாயை நசுக்கிட்டாங்க சார். தண்ணி போகல. தரையை உடைக்கணும்,” என்றான். உடைத்தால் ரோங்யிங்குக்குத் தெரியும். தெரிந்தால் அவள் யாருக்கு போன் போடுவாள் என்பதும் தேயுவானுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வந்தவன் அந்த அறைக்குப் போகும் வால்வை மூடி, யாரும் திறந்துவிடாதபடி சிவப்புக் கம்பியால் கட்டிவிட்டுப் போனான்.

அன்றே ஒரு சின்ன மின் ஹீட்டர் வாங்கி மகளின் மேசைக்கடியில் வைத்தார்.

“அம்மாகிட்ட சொல்லாத. கரண்ட் செலவுன்னு கத்துவா.”

தாங்தாங் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பதினைந்து வயசு. “என் ரூம் மட்டும் ஏம்பா சூடாகல?”

“வடக்குப் பார்த்த ரூம். கொஞ்சம் லேட்டாத்தான் ஏறும்.”

“எத்தனை மாசம் லேட்டா?”

“எழுதற வேலையைப் பாரு.”

ஹீட்டர் காலைத்தான் சுட்டது. பேனா பிடிக்கும் கை மேசைக்கு மேலே இருந்தது.

டிசம்பரில் ஒருநாள் ரோங்யிங் குளிக்கப் போயிருந்தபோது மேசையில் அவளுடைய போன் ஒளிர்ந்தது. மனைவி போனை எடுத்துப் பார்க்கிற ஆள் இல்லை அவர். அன்று எடுத்தார். கூ லெய் கேட்டிருந்தான்: “வீடு சூடா இருக்கா?” அதற்கு அவள் அன்று காலையிலேயே பதில் அனுப்பியிருந்தாள்: “நல்லா இருக்கு. பான் வாத்தியார் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கார்.” இப்போது வந்தது, அவன் அனுப்பிய கட்டைவிரல் படம்.

மூன்று முறை படித்தார். கேஸ் பில்லைச் சட்டைப்பையில் திணித்தவள் ஏன் இப்படி எழுத வேண்டும்? புருஷனைக் காப்பாற்றினாளா? இல்லை, அவன் முன்னால் தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டாளா? ‘உன்னை விட்டுவிட்டு நான் கட்டிக்கொண்ட ஆள் ஒன்றும் மோசமில்லை’ என்று காட்டவா? எப்படிப் புரட்டினாலும் நெஞ்சில் எங்கோ குத்தியது. கட்டைவிரல் படம் அனுப்புகிறானாமே, கட்டைவிரல்! போனை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்துவிட்டு, வகுப்புத் தேர்வுத் தாள்களை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று அவரிடம் பாதிப் பையன்கள் தோற்றார்கள்.

ஜனவரி நடுவில் ஆலங்கட்டியும் மழையுமாக ஒரு நாள். ஸ்கூட்டரை இரண்டு முறை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல மதியம் வீட்டுக்கு வந்தார். கதவுக்கு வெளியே ஓர் ஆணின் பூட்ஸ். பெரிய அளவு. இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், இந்நேரம் மருந்தகத்தில் இருக்க வேண்டிய ரோங்யிங்கின் காலணி.

உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. இந்தக் குளிர்காலத்தில் அவர் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததுகூட அவருக்கு ஞாபகமில்லை. நனைந்த செருப்போடு நேராக நடந்து போனார். சத்தம் மகளின் அறையிலிருந்து வந்தது.

தாங்தாங் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் வெள்ளைத் துணிக்கட்டு. ரோங்யிங் அவள் பக்கத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல். கூ லெய் மூலையில், குழாய்ப் பெட்டியின் முன்னால் குந்தியிருந்தான். மேசைக்கடியில் மறைத்து வைத்த ஹீட்டர் அறை நடுவில் நின்றது.

“ஸ்கூல்ல இருந்து போன் பண்ணாங்க,” என்றாள் ரோங்யிங். சிரிப்பு போயிருந்தது. “விரல் வெடிச்சு சீழ் வெச்சிருக்கு. பேனா பிடிக்க முடியாம பரீட்சையில பாதியில எழுந்துட்டா. இங்க தரை ஐஸா இருக்கேன்னு லெய்ஸியைக் கூப்பிட்டேன். இவளைச் சிரிக்க வெக்கத்தான் ஏதோ கோமாளிக் கதை சொல்லிக்கிட்டிருந்தான்.” பிறகு, “நீங்க எப்படி இந்நேரத்துல இங்க?” என்றாள்.

தேயுவானின் கண் மகளின் கையிலிருந்த துணிக்கட்டிலேயே இருந்தது.

கூ லெய் பெட்டியின் கதவை முதுகால் மறைத்தபடி எழுந்தான். “குழாய்ல காத்து அடைச்சிருக்கும்போல. புது லைன்ல இது சகஜம். யார் போட்டிருந்தாலும் வர்றதுதான். சாருக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல,” என்றான்.

சொல்லிவிட்டு தேயுவானை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. சிவப்புக் கம்பியை அவன் பார்த்துவிட்டான். யாருக்கோ தெரிந்துதான் அது கட்டப்பட்டிருக்கிறது என்பதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ‘நான் பார்த்துக்கறேன், நீங்க சும்மா இருங்க’ என்கிற பார்வை.

சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால் போதும், காற்று வெளியேறிவிட்டது என்று எதையாவது சொல்லி அவன் சரிக்கட்டியிருப்பான். ஆனால் தேயுவானால் அதை மட்டும் தாங்க முடியவில்லை. இவன் தயவிலா என் பெண்டாட்டி முன்னால் நான் நல்லவனாக நிற்பது? திட்டு வாங்கலாம், அடிகூட வாங்கலாம். இவனிடமிருந்து இந்தப் பிச்சையை வாங்க முடியாது. இத்தனை மாதம் பொய் சொல்ல வைத்த அதே பொறாமை இப்போது அவர் வாயைப் பிளந்து உண்மையை வெளியே தள்ளியது.

“காத்து இல்ல,” என்றார். “குழாய் நசுங்கியிருக்கு. எனக்குத் தெரியும். அந்த ஹீட்டரையும் நான்தான் வாங்கி வெச்சேன்.”

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றாள் ரோங்யிங்.

“நவம்பர் முதல் வாரம்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா... நீ இவரைக் கூப்பிடுவே.”

கூ லெய் தன் கருவிப்பையின் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டான். ரோங்யிங்கின் முகம் முதலில் புரியாததுபோல் இருந்தது, பிறகு புரிந்தது. அவள் கத்தவில்லை. மகளின் கட்டுப்போட்ட கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

“உங்க பொறாமைக்கு இவ விரல் என்ன பண்ணுச்சு?”

“அம்மா, ஹீட்டரைப் பத்தி எனக்கும் தெரியும். நானும்தான் சொல்லல,” என்றாள் தாங்தாங். அப்பாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அது கூ லெய்யின் தயவைவிட மோசமாக வலித்தது.

கூ லெய் சத்தமில்லாமல் வெளியேறினான். படியில் அவன் காலடி ஓசை இறங்கி ஓய்வதற்குள் தேயுவானும் பின்னாலேயே இறங்கினார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்த அறையில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தெருமுனை நூடுல்ஸ் கடையின் பிளாஸ்டிக் திரைக்குள் கூ லெய் உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் கடைக்காரியிடம், “இன்னொரு கிண்ணம். எள்ளு விழுது தாராளமா,” என்றான். இருவரும் கோட்டோடு உட்கார்ந்து நூடுல்ஸைப் பிசைந்தார்கள். கடைசியில் தேயுவான்தான் கேட்டார்.

“என் கல்யாணத்துல ஒருத்தி சொன்னா. நீங்க மட்டும் ஷென்ஜென் போகாம இருந்திருந்தா...”

“அப்படியா சொல்லிட்டுத் திரியறாங்க?” கூ லெய் சிரிக்கவில்லை. “நான் போனதே அவ என்னை வேணாம்னு சொன்னதாலதான் சார். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மூணாவது தடவை கேட்டப்ப, ‘இன்னொரு தடவை கேட்டா உங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்’னா. அதான் ரயில் ஏறிட்டேன்.”

“அவ கழுத்து விஷயம்?”

“அதுவா?” இப்போது சிரித்தான். “கிளாஸ்ல அவ இடம் ஃபேனுக்கு நேர் கீழ. கழுத்து பிடிச்சுக்குதுன்னு சொல்லி என் இடத்தைப் பிடுங்கிக்கிட்டா. மூணு வருஷம் அந்த ஃபேனுக்குக் கீழ நான்தான் உட்கார்ந்தேன். மறக்குமா?”

தேயுவானுக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கியது. ஆனால் மின்விசிறிக்கடியில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் மேலும் அவருக்குப் பொறாமையாக இருந்தது. அந்த வருஷங்களில் அவளை இவருக்குத் தெரியாதே.

“நீங்க ஒருத்தர்தான் பொறாமைப்படறீங்கன்னு நினைக்காதீங்க,” என்றான் கூ லெய், கிண்ணத்தைப் பார்த்தபடி. “உங்க வீட்டுப் படி ஏறறப்ப எனக்கும்தான் இருக்கு. எனக்கு ஆன கல்யாணம் நிலைக்கல. இருக்கத்தான் இருக்கு, அதுக்கு என்ன பண்றது? வந்த வேலையைப் பார்க்கறேன்.”

அப்படி ஒருவன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லித் தேயுவான் கேட்டதில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “தரையை உடைக்கணுமா?” என்றார்.

“வேணாம். அந்த பாய்லர்லேருந்தே ஒரு கிளை எடுத்து, பொண்ணு ரூம்லயும் ஹால்லயும் சுவர்ல ரேடியேட்டர் மாட்டிடலாம். தரை அது பாட்டுக்குக் கிடக்கட்டும். ஆனா ஜன்னல்...”

“மாத்தறேன்.”

“முதல்ல ஜன்னல்.”

“மாத்தறேன்னு சொல்லிட்டேனே,” என்றார் தேயுவான். சொன்ன தொனியைக் கேட்டுத் தானே கூசிப்போய், “எப்ப வரமுடியும் உங்களால?” என்று தாழ்ந்து கேட்டார்.

அந்த வாரம் ரோங்யிங் மகளின் அறையில் படுத்தாள். தேவைக்கு மட்டும் பேசினாள். “உப்பு தீர்ந்துடுச்சு.” “நாளைக்கு டிரெஸ்ஸிங் மாத்தணும், நீங்க கூட்டிட்டுப் போங்க.” மூன்றாம் நாள் காலை அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தேயுவான் வாசலை மறித்து நின்றார்.

“நான் மதியம் மதியம் வந்து பாய்லரைப் போட்டுட்டுப் போனேன். அதையும் சொல்லிடறேன்.”

“தெரியும்,” என்றாள் அவள். “கீழ்வீட்டுக்காரி டிசம்பர்லயே சொன்னா. நீங்களே சொல்லட்டும்னுதான் அன்னிக்குத் தெரியாத மாதிரி கேட்டேன். சாப்பிடாம ஓடி வர்றாரேன்னு எனக்கு மனசு பொறுக்கல. அதனாலதான் லெய்ஸி கேட்டப்ப நல்லா இருக்குன்னு எழுதுனேன்.” பிறகு நிமிர்ந்து, “அதையும் படிச்சிருப்பீங்களே?” என்றாள்.

அவர் தலைகுனிந்தார்.

“பதினேழு வருஷமாவா இதை மனசுல வெச்சிருந்தீங்க? ஒரு நாள் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே. எனக்கு ஒண்ணும் பெருமையா இல்ல, தெரியுமா? உங்களுக்கு என்மேல எவ்வளவு ஆசைன்னு சிலபேர் சொல்லுவாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு.”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவரை ஒதுக்கிவிட்டு இறங்கிப் போனாள்.

ஜன்னல்காரர்கள் வெள்ளிக்கிழமை வந்தார்கள். கூ லெய் சனிக்கிழமை வந்தான். ரோங்யிங்குக்கு அன்று வேலைநாள். மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் மாற்றிக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே இருவரையும் தனியாக விட்டாள் என்று தேயுவானுக்குத் தோன்றியது. அவர் ரசமட்டத்தைச் சுவரில் பிடித்தார், கூ லெய் துளை போட்டான். குழாயைச் சுவரோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னால் பிடித்தார். நடுவில் ஒரு முறை, கிளைக்குழாயை வளைக்காமல் நேராகக் கொண்டுபோனால் ஓர் இணைப்பு மிச்சமாகும் என்று இவர் சொன்னார். கூ லெய் பார்த்துவிட்டு, “சரிதான், கணக்கு வாத்தியார்,” என்றான். தேயுவானுக்கு அந்தப் பாராட்டு பிடித்திருந்தது. பிடித்துப்போனது எரிச்சலாகவும் இருந்தது.

நான்கு மணிக்கு பாய்லரைப் போட்டார்கள். ஐந்து மணிக்குள் தாங்தாங் தன் அறையிலிருந்து கனத்த கோட்டைக் கழற்றி வாசலில் எறிந்தாள். இடதுகையை ரேடியேட்டரின் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். வலதுகையில் கட்டு இன்னும் இருந்தது. அது ஆற பிப்ரவரி ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேயுவான் அதைப் பார்த்துக்கொண்டே சமையலறைக்குப் போனார். காலையிலிருந்து தாமரைக் கிழங்கும் எலும்பும் போட்ட சூப்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

ரோங்யிங் ஆறரைக்கு வந்தாள். கதவைத் திறந்தவள் ஒரு கணம் வாசலிலேயே நின்றாள். பிறகு நனைந்த கையுறைகளை உருவி, நேராகப் போய்ப் புதிய ரேடியேட்டரின் மேல் காயப் போட்டாள்.

“சாப்பிட்டுட்டுப் போ லெய்ஸி. ஆத்தைத் தாண்டிப் போறதுக்குள்ள பசிச்சிடும்,” என்றாள்.

கூ லெய் தேயுவானைப் பார்த்தான். “உட்காருங்க,” என்றார் தேயுவான்.

நான்கு கிண்ணத்திலும் அவரே சூப்பை ஊற்றினார். மகளுக்கு, மனைவிக்கு, விருந்தாளிக்கு, கடைசியில் தனக்கு. எல்லோரும் குனிந்து ஊதிக் குடிக்கத் தொடங்கினார்கள். தாங்தாங் மட்டும் இடதுகைக் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா, கூ மாமா கிண்ணத்துல எலும்பே இல்ல. வெறும் கிழங்கா இருக்கு.”

தேயுவானின் காது சிவந்தது. வேண்டுமென்று செய்ததில்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தார், ஆனால் யாரும் கேட்கவில்லை. கூ லெய் சூப்புக்குள் இருமினான். ரோங்யிங் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அடக்க முடியாமல், அந்த வாரத்தில் முதல்முறையாகப் புருஷனின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“எழுந்து போய்ப் போடுங்க, வாத்தியாரே,” என்றாள்.

அவர் எழுந்து போய், பாத்திரத்தைத் துழாவி, இருப்பதிலேயே பெரிய துண்டாக ஒன்றை எடுத்துவந்து கூ லெய்யின் கிண்ணத்தில் போட்டார்.